வெள்ளிக்கிழமை வைத்தவை

சாரம், புதுச்சேரி
9 செப்டம்பர் 2008

அன்புள்ள மாப்பிள்ளை புருஷோத்தமன் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்கள் ஒருவரே இருப்பதால் அனைவரும் நலமா என்று கேட்பது பொருந்தாது. தாங்கள் நலமா?

இந்தக் கடிதம் முழுக்கக் கணினி சம்பந்தமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதம் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்த பூர்ணிமா ஏன் இன்னும் லியோனுக்குத் திரும்பவில்லை என்பது பற்றி இதில் எதுவும் இல்லை. அது உங்கள் இருவர் விஷயம். விமான டிக்கெட்டின் தேதி ஜூலை இரண்டோடு முடிந்துவிட்டதையும் நான் இதில் குறிப்பிடவில்லை.

போன வருடம் தாங்கள் விடுமுறையில் வந்தபோது என் கணினியில் இருந்த விண்டோசை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தீர்கள். அதற்கு முன் அந்தப் பெட்டியில் வைரஸ்கள் குடியிருந்தன. நான் வாடகைக்கு இருந்தேன். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. பக்கத்துத் தெரு இராமதாஸ் வீட்டுக் கணினி வாரம் ஒருமுறை கடைக்குப் போய் வருகிறது. நம்முடையது வாசலைத் தாண்டியதில்லை. இதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் என்னைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பேத்தி செல்வியின் படங்களைத் தங்களுக்கு அனுப்புவதற்காக, ஜூன் மாதம் அங்கிருந்தபடியே, எங்கோ வாடகைக்கு எடுத்த இடத்தை என் கணினியில் 'அலமாரி' என்ற கோப்புறையாக வைத்துக் கொடுத்தீர்கள். நான் இங்கே போட்டால் தாங்கள் அங்கே எடுத்துக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. குறை ஒன்றே. தினமும் காலை அலமாரி வருவதற்காக நான் ஒரு வரி தட்ட வேண்டியிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், அறுபத்தொரு எழுத்து. அதன்பின் கடவுச்சொல். ஒரு எழுத்து தவறினால் மறுக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் சரியாகத் தட்டினாலும் மறுத்துவிட்டு, நான் இட்லி சாப்பிட்டு வந்து கேட்டால் ஒத்துக்கொள்கிறது. வாரக் கடைசிக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது. அதற்கு நான் எந்த வரியும் தட்டுவதில்லை. அலமாரியும் அப்படித் தானாக வந்து நிற்க வழி உண்டா?

மின்னஞ்சலில் கேட்டிருக்கலாம். ஆனால் மின்னஞ்சல் அனுப்பினால் உடனே பதில் எதிர்பார்க்கத் தோன்றுகிறது. அறுபத்துநாலு வயதில் அது உடம்புக்கு ஆகாது. தொலைபேசியோ கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் பூர்ணிமா இருக்கிறாள்.

அன்புடன் மாமனார்,
சக்கரபாணி


லியோன்
18 செப்டம்பர் 2008

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. நான் வேலை செய்யும் கணினி உதவிப் பிரிவுக்கு ஒரு நாளைக்கு முப்பது பேர் 'வேலை செய்யவில்லை' என்று எழுதுவார்கள். எது, எப்போது, என்ன செய்தபோது என்று யாரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுத்தை எண்ணி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மொழிபெயர்த்து எங்கள் மேலாளரிடம் காட்டினேன். இந்த மனிதர் வேலை தேடுகிறாரா என்று கேட்டார்.

வழி உண்டு. கணினி எழுந்திருக்கும்போது படித்துப் பார்க்கும் ஒரு கோப்பு இருக்கிறது. எந்தெந்த இடத்தை எங்கெங்கே இணைக்க வேண்டும் என்ற பட்டியல் அது. இதை மவுண்ட் செய்வது என்போம். அந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லை வேறொரு கோப்பில் எழுதி, உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாமல் பூட்ட வேண்டும். இரண்டையும் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். வரியின் நடுவில் உள்ள இடைவெளிகளையும் அப்படியே விடுங்கள். ஒருவேளை இணைப்பு வராமல் போனால் கணினி அதற்காக நின்றுவிடாமல் மேலே போகும்படி ஒரு சொல்லும் சேர்த்திருக்கிறேன். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

செல்வி மூன்று சக்கர சைக்கிளில் இருக்கும் படம் பார்த்தேன். முழங்கால் காயம் ஆறிவிட்டதா?

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள்,
புருஷோத்தமன்


சாரம்
1 அக்டோபர் 2008

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வெற்றி. நேற்று முன்பகல் பத்து மணிக்குத் தங்கள் வரியைச் சேர்த்தேன். அடிக்கோலை வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். பதிவகத்தில் முப்பத்துநான்கு ஆண்டு பிறப்பும் இறப்பும் எழுதியவன். ஒரு பெயரில் ஒரு எழுத்து மாறினால் ஒரு குடும்பமே ஓய்வூதியத்துக்கு அலையும் என்பது தெரியும். இன்று காலை ஏழு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அலமாரி தானாக வந்து நின்றது. உள்ளே செல்வி சைக்கிளில் இருந்தாள்.

வாழ்க்கையில் நான் சொல்லாமலே நடந்த நல்ல காரியங்கள் குறைவு. அதனால் தங்கள் அத்தை அமிர்தவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். படங்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று கேட்டாள். இதற்கு இப்போது மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றேன். வடகிழக்குப் பருவமழை வரப்போகிற நேரத்தில் பிள்ளை படத்தை ஏன் அங்கே வைத்தீர்கள் என்றாள். மவுண்ட் என்பதையும் விளக்கப் பார்த்தேன். அவளுக்கு அந்தப் பெயரில் தெரிந்தது சென்னையில் உள்ள ஒரு ரோடு. அதோடு விட்டுவிட்டேன்.

அலமாரியில் உள்ளவற்றைத் திங்கட்கிழமை தோறும் எண்ணிச் சரிபார்ப்பது என்று முறை வைத்திருக்கிறேன். தினமும் சரிபார்த்தால் அது சந்தேகம். திங்கட்கிழமை சரிபார்த்தால் நிர்வாகம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எல்லோரும் என்பது இந்த வீட்டில் நான்கு பேர். என்னைப் பற்றியும் அமிர்தவல்லி பற்றியும் மேலே எழுதிவிட்டேன். செல்வியின் முழங்கால் ஆறிவிட்டது. மீதி ஒருவர். தங்கள் கடிதத்தில் அவர் பெயர் இல்லாததால் எந்தத் தலைப்பில் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் நான் அலமாரியைத் திறந்து காட்டியபோது அவர் பின்னால் நின்று பார்த்தார். "இதுல நான் ஒண்ணு வச்சா அவரு பாப்பாராப்பா?" என்று கேட்டார். தினமும் பார்ப்பார் என்று தங்கள் சார்பில் உறுதி கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
சக்கரபாணி


சாரம்
12 நவம்பர் 2008

திரு. புருஷோத்தமன் அவர்களுக்கு,

தீபாவளி முடிந்தது. செல்வி கம்பி மத்தாப்பு பிடித்தாள்.

இரண்டு விஷயங்கள். முதலாவது சிறியது. திங்கட்கிழமைச் சரிபார்ப்பில் அலமாரியில் சில படங்கள் குறைகின்றன. நான் வைத்ததற்கு நோட்டில் பதிவு இருக்கிறது. அலமாரியில் படம் இல்லை. இதுவரை பத்து. நான் அழிக்கவில்லை. அலமாரிக்குச் சாவி உள்ள இன்னொருவர் தாங்கள்.

இரண்டாவது. அக்டோபர் மாதம் ஒருநாள் காலை என் அறைக்கு வந்த பூர்ணிமா, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கணினியில் எழுதினாள். எழுதியதை அலமாரியில் வைத்தாள். என்னவென்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை வந்து அலமாரியைத் திறந்தாள். அவள் வைத்தது அங்கே இல்லை. வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்த் துணி மடித்தாள்.

போன வாரம்தான் சொன்னாள்: "அப்பா, பதில் சொல்லணும்னு கூட நான் எதிர்பாக்கல. அது அவருக்கு வராது. ஆனா படிச்சிட்டு அழிச்சிட்டாரு பாருங்க."

தங்கள் சார்பில் உறுதி கொடுத்தவன் நான்.

முத்தியால்பேட்டையில் கன்னியப்பன் என்று ஒரு வக்கீல் இருக்கிறார். குடும்ப வழக்குகள் பார்க்கிறவர். பொங்கல் கழித்து ஜனவரி 19, திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் பூர்ணிமா அவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். அன்றைக்குப் பிரிவு மனுவில் கையெழுத்து. என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறாள்.

பழைய பிரெஞ்சு முறைப் பதிவேட்டில் ஒருவரின் பிறப்பு எழுதிய பக்கத்திலேயே ஓரமாக இடம் விட்டிருப்பார்கள். பிற்பாடு நடக்கும் கல்யாணத்தை அந்த ஓரத்தில் குறிக்க வேண்டும். கல்யாணம் முறிந்தால் அதையும் அதன் கீழே குறிக்க வேண்டும். அந்த இரண்டாவது குறிப்பை நான் பலருக்கு எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்து பிசகியதில்லை. மற்றவர்களுடைய ஓரம் அது.

இப்படிக்கு,
சக்கரபாணி


லியோன்
22 நவம்பர் 2008

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

பூர்ணிமா எழுதியது எதுவும் எனக்கு வரவில்லை. நான் எதையும் அழிக்கவில்லை. அலமாரியைத் தினமும் இரண்டு முறை பார்க்கிறேன், வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை. அங்கே நான் பார்த்தது செல்வியின் படங்கள் மட்டும்.

இதைப் பூர்ணிமாவிடம் சொல்லுங்கள் என்று எழுத நினைத்து, அடித்துவிட்டேன். வெறும் வார்த்தையாக இருக்கும். தொலைபேசியில் பேசலாம், நான்காவது நிமிடத்தில் நான் மௌனமாகிவிடுவேன், அவள் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்வாள். ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் அது எங்கோ இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் நான் சொல்வதற்கு மதிப்பு.

ஒரு உதவி வேண்டும். காணாமல்போன ஒவ்வொன்றுக்கும் தேதி, கிழமை, வைத்த நேரம் எழுதி அனுப்புங்கள். கணினியை எப்போது போட்டீர்கள், அப்போது வீட்டில் வேறு என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். எவ்வளவு சிறிய விஷயமானாலும். வேறு யாரிடமும் இதைக் கேட்க மாட்டேன், அவர்களால் முடியாது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பிப்ரவரியில் இங்கே வெயிலே இல்லை. பூர்ணிமா மூன்று நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள், "வேணும்னா ஊருக்குப் போயிடு" என்று சொன்னேன். அவள் வெயிலில் இருக்க வேண்டும் என்று நினைத்துச் சொன்னது. வெயில் என்ற சொல்லை நான் சொல்லவில்லை.

புருஷோத்தமன்


சாரம்
4 டிசம்பர் 2008

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன வாரப் புயல் மழையில் தபால் தாமதமாக வந்தது. சாரத்தில் தெருவெல்லாம் தண்ணீர். நம் வீட்டுக்குள் வரவில்லை. மேகத்தில் இருந்த படங்களுக்கும் எதுவும் ஆகவில்லை என்று அமிர்தவல்லிக்குத் தெரிவித்துவிட்டேன்.

தாங்கள் கேட்ட விவரம் தனி நோட்டில் ஏழு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். சுருக்கம் இது. காணாமல்போனவை பூர்ணிமாவுடையதையும் சேர்த்துப் பதினொன்று. வைத்த தேதிகள் அக்டோபர் 3, 10, 17, 24, 31, நவம்பர் 7. பூர்ணிமா வைத்தது 17. நவம்பர் 7க்குப் பிறகு நான் படம் வைப்பதை நிறுத்திவிட்டேன். எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லாமே வெள்ளிக்கிழமை. ராகுகாலமோ என்று பார்த்தேன். வெள்ளியன்று ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. நான் படம் வைப்பது ஏழேகாலுக்கு. ஆக ராகு குற்றமற்றவர். பூர்ணிமா வெள்ளிக்கிழமை எழுதியதற்குக் காரணம் உண்டு. நல்ல காரியத்தை வெள்ளியில் தொடங்கு என்று அவள் அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்தது.

வீட்டில் வேறு என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். அமிர்தவல்லியை விசாரித்தேன். "இத்தன வருசத்துல காலைல நான் என்னா செய்றேன்னு இப்பதான் கேக்குறீங்க" என்றாள். அந்த விசாரணை அங்கிருந்து வேறு திசையில் போய்விட்டது. ஒருவழியாகத் தெரிந்தவை: தினமும் ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம், பால், காபி. வெள்ளிக்கிழமை இவற்றோடு தலைக்குக் குளித்து, பூசை அலமாரியைத் துடைத்து, அம்மன் படத்துக்குச் சீரியல் விளக்கு போட்டு, ஒன்பது மணிவரை பூசை. வேறு எதுவும் விசேஷம் இல்லை.

தாங்கள் பிப்ரவரி பற்றி எழுதிய பத்தியை நான் யாருக்கும் காட்டவில்லை. கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, இராமதாசைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அது மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் விரித்துத்தான் வைத்தேன். இதையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளவும்.

மாமனார்,
சக்கரபாணி


லியோன்
15 டிசம்பர் 2008

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கிடைத்துவிட்டது. உங்கள் நோட்டின் நான்காம் பக்கத்தில் இருந்தது. சீரியல் விளக்கு.

நான் வந்திருந்தபோது பார்த்தது நினைவிருக்கிறது. தொலைபேசி வயர் பூசை அலமாரி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது, அதனால் இணைய இணைப்பைத் தரும் மோடமும் அங்கேயே இருக்கிறது. அங்கே ஒரே ஒரு பிளக்தான். அத்தை வெள்ளிக்கிழமை சீரியல் விளக்கைச் செருக மோடத்தைப் பிடுங்குகிறார்கள். ஒன்பது மணிக்குப் பூசை முடிந்ததும் மறுபடி செருகுகிறார்கள். நீங்கள் ஏழு மணிக்கே கணினியைப் போட்டுவிடுகிறீர்கள். அது ஒருமுறை இணைப்பைத் தேடுகிறது, இல்லை, மேலே போய்விடுகிறது.

இனி முக்கியமானது. 'அலமாரி' என்பது உங்கள் கணினியில் உண்மையில் ஒரு காலித் தரை. இணைப்பு கிடைத்ததும் தூரத்தில் இருக்கும் பெட்டி வந்து அந்தத் தரைமேல் உட்காருகிறது. நீங்கள் பெட்டிக்குள் வைக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை பெட்டி வரவில்லை, நீங்கள் வைத்தது தரையில். வைக்கும்போது உள்ளே பார்க்காமல் திங்கட்கிழமை மட்டும் எண்ணுவதால் அது தெரியவில்லை. சனிக்கிழமை பெட்டி வந்து தரையை மறைத்துக்கொள்கிறது. யாரும் எதையும் அழிக்கவில்லை. பதினொன்றும் பெட்டிக்கு அடியில் இருக்கின்றன.

அடுத்த வெள்ளிக்கிழமை, அத்தை பூசையில் இருக்கும்போது கணினியைப் போட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். இருக்கும்.

இதில் என் தவறு இரண்டு. முன்பு நீங்கள் கையால் தட்டியபோது, இணைப்பு இல்லையென்றால் அது உங்களிடம் சொன்னது. வெள்ளிக்கிழமை மறுக்கிறது, இட்லி சாப்பிட்டு வந்தால் ஒத்துக்கொள்கிறது என்று உங்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். எல்லாமே அதில் இருந்தது. படித்துச் சிரித்தேன், காதில் வாங்கவில்லை. இரண்டாவது, தோற்றால் யாரிடமும் சொல்லாமல் மேலே போ என்று அந்த வரியில் எழுதி வைத்தவன் நான். தொந்தரவு கொடுக்காமல் இருப்பது நல்ல குணம் என்று நினைத்தேன். பூர்ணிமா என்னைப் பற்றிச் சொல்லும் குறையும் இதுதான் என்பது உங்கள் நோட்டைப் படித்த பிறகு உறைத்தது.

புதிய வரி தனித்தாளில் இருக்கிறது. இனி இணைப்பு வரும்வரை காத்திருக்கும். வராவிட்டால் திரையில் சொல்லும். பெட்டி வராதபோது தரையில் எதையும் வைக்க முடியாதபடி பூட்டும் முறையும் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பார்த்த பிறகு இவற்றைச் செய்யுங்கள்.

பூர்ணிமா எழுதியதை நீங்கள் திறக்க மாட்டீர்கள் என்று தெரியும். எனக்கு அனுப்பவும் வேண்டாம். அவளிடம் காட்டுங்கள். அக்டோபரில் எழுதியதை இப்போதும் எனக்குக் கொடுக்க நினைக்கிறாளா என்று அவள் முடிவு செய்யட்டும்.

புருஷோத்தமன்


சாரம்
27 டிசம்பர் 2008

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கள் கடிதம் புதனன்று கிடைத்தது. ஒருநாள் விட்டு வெள்ளி. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, என் வீட்டுப் பூசை அலமாரியில் எத்தனை பிளக் என்பதைக் கொண்டு குற்றத்தைக் கண்டுபிடித்த மாப்பிள்ளை இந்தச் சாரத்தில் வேறு யாருக்கும் இல்லை. இதை இராமதாசிடமும் சொன்னேன். அவருடைய மாப்பிள்ளை தட்டாஞ்சாவடியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார் என்று பதில் சொன்னார்; விஷயத்துக்குச் சம்பந்தமில்லை.

நேற்று ஏழு மணிக்கு, தாங்கள் எழுதியதை உரக்கப் படித்துவிட்டு, பூர்ணிமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கணினியைப் போட்டேன். உள்ளே மணிச் சத்தம் கேட்டது. சீரியல் விளக்கு சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டிருந்தது. அலமாரியைத் திறந்தேன்.

பதினொன்றும் இருந்தன. செல்வி முதல் நாள் பள்ளிச் சீருடையில். செல்வி தூங்கும்போது. வரிசையில் ஆறாவதாக 'அவருக்கு' என்ற பெயரில் ஒரு கோப்பு.

பூர்ணிமா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இம்முறை அவள் போகச் சொல்லவில்லை.

அரை மணி கழித்து வந்தாள். நேராகப் பூசை அறைக்குப் போய், "நீதான்மா பண்ணது" என்றாள். அமிர்தவல்லி கற்பூரத் தட்டோடு திரும்பி, "நான் இன்னாடி பண்ணேன், சாமிதான் கும்பிட்டேன்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். இந்த வீட்டில் மே மாதத்துக்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. பிறகு ஒருத்தி அழுதாள். யார் என்று பதிவு செய்யவில்லை.

அனுப்புகிறாயா என்று கேட்டேன். "அப்ப எழுதுனது அப்பா. ரொம்பக் கெஞ்சி எழுதிட்டேன் போல இருக்கு" என்றாள். மாற்றி எழுதேன் என்றேன். துணி மடிக்கப் போய்விட்டாள். பதினொன்றையும் திறக்காமல் தரையிலிருந்து வேறொரு கோப்புறைக்கு மாற்றிவிட்டு, புதிய வரியைச் சேர்த்தேன். தரையைப் பூட்டினேன். பெட்டி வந்ததும் படங்கள் பத்தையும் அதற்குள் மாற்றினேன். அவளுடையதை அந்தக் கோப்புறையிலேயே விட்டுவிட்டேன்.

இன்று சனிக்கிழமை. காலையில் நான் செய்தித்தாள் படிக்கும்போது வந்து, தானே அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. "போவட்டும்" என்றாள்.

பதினொன்றும் இப்போது தங்களிடம் இருக்கின்றன. ஜனவரி 19 இன்னும் அப்படியே இருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

மாமனார்,
சக்கரபாணி


லியோன்
28 டிசம்பர் 2008

பூர்ணி,

இதைத் தபாலில் அனுப்பவில்லை. நீ வைத்த இடத்திலேயே, நீ வைத்ததற்குப் பக்கத்தில் வைக்கிறேன். வைத்த பிறகு இரண்டு முறை பார்த்துவிட்டேன், இருக்கிறது.

நீ நான்கு பக்கம் எழுதி, ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாய். 'நாங்க இல்லாதது உங்களுக்குத் தெரியுதா?'

தெரிகிறது. குக்கரில் இன்னும் மூன்று பேருக்குத்தான் அரிசி போடுகிறேன். மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். குளியலறையில் செல்வியின் முக்காலி கிடக்கிறது, அதில் தினமும் இடித்துக்கொள்கிறேன், ஓரமாக நகர்த்தவில்லை. நீ உட்கார்ந்திருந்த ஜன்னலில் இப்போதும் வெயில் இல்லை. கீழ்வீட்டு அம்மாள் ஜூலையில், மனைவி எப்போது வருவாள் என்று கேட்டாள். அடுத்த மாதம் என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அதையே சொல்கிறேன்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். நீ அக்டோபரிலேயே கேட்டுவிட்டாய்.

உன்னை ஊருக்குப் போகச் சொன்னபோது நான் நினைத்தது வெயிலை. இப்போது வா என்று சொல்கிறேன். அதற்கு முன் நான் வருகிறேன். மார்ச் 6, வெள்ளிக்கிழமை காலை சென்னை. ஒரு மாதம் இருப்பேன். அதில் நீ பேசு, நானும் பேசுகிறேன். அதன் பிறகு நீ எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறாயோ அங்கே நாம் இருப்போம். லியோன்தான் என்று இல்லை.

அடுத்த ஞாயிறு மாலை தொலைபேசியில் அழைக்கிறேன். நான்காவது நிமிடத்தில் நான் மௌனமானால் வைத்துவிடாதே, சொல் தேடிக்கொண்டிருப்பேன்.

உன் கடிதத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. இவ்வளவு நேராக யாரும் எனக்கு எழுதியதில்லை, உன் அப்பாவைத் தவிர.

புருஷோத்தமன்


சாரம்
20 ஜனவரி 2009

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கணினி நிலவர அறிக்கை.

நேற்று வரை நான்கு திங்கட்கிழமைச் சரிபார்ப்பு முடிந்தது. குறைவு எதுவும் இல்லை. கூடுதலாகச் சில இருக்கின்றன. அவற்றுக்கு என் நோட்டில் பதிவு கிடையாது. சில 'அவருக்கு' என்ற பெயரிலும் சில 'பூர்ணிக்கு' என்ற பெயரிலும் உள்ளன. அவற்றை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்று பதினோரு மணிக்குப் பூர்ணிமாவை வக்கீல் கன்னியப்பனிடம் கொண்டுபோய் விட்டேன். வேண்டாம் என்பதைப் போனில் சொன்னால் போதாதா என்று கேட்டேன். "நேர்ல போயி நேரம் வாங்குனேன், நேர்ல போயி வேணான்னு சொல்லிட்டு வந்துடுறேன்" என்றாள். நான் ஸ்கூட்டரோடு எதிர்ப்பக்கம் நின்றேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டாள். பதிவகத்தில் நான் எழுதிய இரண்டாவது குறிப்புகளுக்கு எல்லாம் ஐந்து நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கிறது.

மார்ச் 6 அன்று சென்னைக்கு நானும் வருவதாகச் சொன்னேன். வண்டியில் இடம் இல்லை என்று பூர்ணிமா சொல்கிறாள். அவள் பேசியிருக்கும் வண்டியில் ஏழு பேர் உட்காரலாம்.

மோடத்துக்குத் தனி பிளக் போட அம்மாவாசை என்ற எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். அமிர்தவல்லி வேண்டாம் என்றுவிட்டாள். பூசை அலமாரியில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாதாம். மாறாக, போன வெள்ளிக்கிழமை சீரியல் விளக்கு போடாமல் மோடத்தை அப்படியே விட்டுவிட்டு அகல் விளக்கு மட்டும் ஏற்றினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வெள்ளிக்கிழமையில் எதையும் மாற்றி நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "அது பாட்டுக்கு அங்க மினுக்கினு இருக்கட்டும், அதுவும் வெளக்குதான்" என்றாள்.

ஆகவே அலமாரி ஒழுங்காக வருகிறது. வெள்ளிக்கிழமையும் வருகிறது. வரி தட்டவில்லை, மறுக்கவில்லை, எதுவும் காணாமல்போகவில்லை. தாங்கள் செய்து கொடுத்ததில் இனி ஒரு குறையும் சொல்வதற்கில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் கடிதம் எழுதுவதற்கு இருந்த ஒரே காரணம் அதுதான். செல்வியைப் பற்றியும் மற்றவற்றையும் இப்போது அவள் அம்மாவே எழுதிவிடுகிறாள். ஒரே செய்தி இரு வழியில் வருவது நிர்வாகத்துக்கு நல்லதல்ல.

தங்கள் கடிதங்களைத் தேதி வாரியாகக் கோப்பில் வைத்திருக்கிறேன். அதற்கு அடியில் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
சக்கரபாணி

பி.கு.: என் அறை மின்விசிறி இரண்டு நாளாக இடது பக்கம் சுற்றும்போது மட்டும் ஒரு சத்தம் போடுகிறது. கூரை மின்விசிறிக்கு இடது பக்கம் கிடையாது என்று பூர்ணிமா சொல்கிறாள். இது தங்கள் துறை அல்ல என்பதும் தெரியும். இருந்தாலும் தங்கள் கருத்தை, அவசரமில்லை, தபாலில் தெரிவிக்கவும்.